‘ஹிந்த் கினோ’ தேடி: தாஷ்கண்டிலிருந்து புகாரா வரை ஆறு நாள்

நாள் 1: தாஷ்கண்ட்

விமானம் தரையைத் தொட்டதும் கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளுங்கள். டெல்லியிலிருந்து நேர் விமானம் இருக்கிறது, மூன்று மணி நேரத்துக்கு முன்பின். உஸ்பெகிஸ்தானுக்குப் போக இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இ-விசா கிடைக்கும். ஒரு முறை நுழைய 20 டாலர். விண்ணப்பத்தில் பெயர் எழுதும் இடத்தில்தான் தமிழர்கள் மாட்டிக்கொள்வது. இனிஷியலை விரித்து எழுதியிருக்கிறதா, அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து நிரப்பினால் பிரச்சினை இல்லை. பணம் சொம். டாலருக்கு 12,000 சொம்முக்குப் பக்கத்தில் தருவார்கள். 100 டாலர் மாற்றினால் பத்து லட்சத்துக்கு மேல் கைக்கு வரும். முதல் நாள் கொஞ்சம் தலை சுற்றும், மறுநாள் பழகிவிடும். தங்கும் விடுதியில் பதிவு செய்கிறார்களா என்று கேட்டு வையுங்கள். மூன்று நாளுக்கு மேல் இருப்பவருக்குப் பதிவு கட்டாயம்.

இந்தப் பயணம் நீலக் குவிமாடங்களுக்காக அல்ல. எழுபது ஆண்டுகளாக இந்திக் காதல் படத்தை வீட்டுச் சொத்துபோல வைத்துக்கொண்டிருக்கும் ஒரு நாட்டில், அந்தப் பிரியம் எப்படி வந்தது, எங்கெங்கே இன்னும் தெரிகிறது என்று பார்ப்பதற்காக. உஸ்பெக் மொழியில் இதற்குத் தனிப் பெயரே உண்டு: ‘ஹிந்த் கினோ’, இந்திய சினிமா. யாரிடமும் ‘பாலிவுட்’ என்று ஆரம்பிக்காதீர்கள். இளைஞர்களுக்குப் புரியும், ஆனால் கதை இருப்பது பெரியவர்களிடம்.

சோர்சு சந்தை முதல் நாளுக்குச் சரியான இடம். மெட்ரோவில் சோர்சு நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே பெரிய குவிமாடம். இந்திய முகத்தைப் பார்த்ததும் “ஹிந்துஸ்தான்?” என்று கேள்வி வரும். தலையாட்டிய மறுநொடி ஒரு நடிகரின் பெயர் வரும். அந்தப் பெயரை வைத்தே சொல்பவரின் வயதைக் கணக்கிடலாம். “ராஜ் கபூர்” என்றால் எழுபதை ஒட்டியவர், அல்லது அம்மா சொல்லிக் கேட்டவர். ஹேமமாலினி இரட்டை வேடமிட்ட படத்தின் “ஸீதா, கீதா” என்றால் அறுபது. “மிதுன்”, அல்லது ‘டிஸ்கோ டான்ஸர்’ படத்தில் அவருடைய பாத்திரமான “ஜிம்மி” என்றால் ஐம்பதைச் சுற்றி. “ஷாருக்” என்றால் அதற்கும் கீழே. ரேகை பார்ப்பதைவிட நம்பகமான முறை.

எந்த ஊர் என்று கேட்பார்கள். ‘தமிழ்நாடு’ என்றால் பல நேரம் புரியாது. ‘ஜனூபி ஹிந்துஸ்தான்’, தென்னிந்தியா, என்று சொல்லுங்கள். ஜனூப் என்றால் தெற்கு. கூடவே ஹேமமாலினியின் ஊர்ப்பக்கம் என்று சேர்த்துக்கொண்டால் தேநீர் நிச்சயம். பொய்யும் இல்லை, ‘ஸீதாவும் கீதாவும்’ அம்மன்குடியில் பிறந்த தமிழ்ப்பெண்தானே.

மாலையில் லால் பகதூர் சாஸ்திரி பெயர் கொண்ட தெருவும் அங்குள்ள அவருடைய சிலையும். 1966 ஜனவரி 10 அன்று இங்கே பாகிஸ்தானோடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, மறுநாள் அதிகாலை இதே ஊரில் இறந்துபோனார். தாஷ்கண்ட் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அந்த மரணம். அவர்களுக்கு இந்தியா என்றதும் நினைவுக்கு வருவது ஒரு பாட்டு.

நாள் 2: தாஷ்கண்ட், பழைய சினிமா அரங்குகள்

பாக்தகோர் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், நவாயி தெருவில் ‘பனோரமா’ என்று அறியப்பட்ட கலை மாளிகை. 1964இல் கட்டியது. பிரம்மாண்டமான கல்தூணை அடியோடு வெட்டி நிறுத்தியதுபோல வட்டமான, வரிவரியான சுவர். 1966 ஏப்ரல் 26 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊரையே புதிதாகக் கட்டினார்கள். இது அதற்கு முந்தியது. 1968இல் தொடங்கிய ஆசிய, ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவின் முகம் இந்தக் கட்டடம். 1976 முதல் இலத்தீன் அமெரிக்காவையும் அந்த விழாவில் சேர்த்தார்கள். சோவியத் நாடு உடைந்த பிறகு விழா தேய்ந்து நின்றுபோய், 2021இல் திரும்ப எடுத்தார்கள். உள்ளே போக முடியுமா என்பது அன்றைய நிகழ்ச்சியைப் பொறுத்தது. வெளியிலிருந்து பார்ப்பதற்கே மெட்ரோ கட்டணம் தகும். மெட்ரோவில் 2018 வரை படம் எடுக்கத் தடை இருந்தது, இப்போது இல்லை; விண்வெளி வீரர்களின் பெயர் கொண்ட கோஸ்மோனவ்த்லார் நிலையத்தையும் போகிற வழியில் பார்த்துவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வரலாம். 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறக்கிறார். 1954 இலையுதிர் காலத்தில் சோவியத் நகரங்களில் இந்தியத் திரைப்பட விழா. ராஜ் கபூர், நர்கீஸ், பால்ராஜ் சாஹ்னி, கே. ஏ. அப்பாஸ் எல்லோரும் போகிறார்கள். அரசுக்குப் பிடித்தது ‘தோ பீகா ஜமீன்’: நிலம் பறிபோன விவசாயி, ரிக்‌ஷா, வறுமை, எல்லாம் கோட்பாட்டுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல. மக்கள் வரிசை கட்டியது ‘ஆவாரா’வுக்கு. ரஷ்யப் பெயர் ‘பிரத்யாகா’, நாடோடி. சோவியத் விநியோகக் கணக்கில் அதன் பார்வையாளர் எண்ணிக்கை 6 கோடியே 37 லட்சம். 1959 கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த மக்கள்தொகை சுமார் 20 கோடியே 88 லட்சம். இது விற்ற டிக்கெட்டின் எண்ணிக்கைதான். ஒருவரே ஐந்து முறை போயிருப்பார், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். கழித்தாலும் மலைப்பு குறையாது.

ஒரு படத்தோடு நின்றிருந்தால் அதை அதிசயம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். 1975இல் ‘பாபி’ 6 கோடியே 26 லட்சம். 1976இல் ‘சீதா அவுர் கீதா’ 5 கோடியே 52 லட்சம். 1984இல் ‘டிஸ்கோ டான்ஸர்’ 6 கோடியே 9 லட்சம். முப்பது ஆண்டு, மூன்று தலைமுறை, ஒரே அளவு கூட்டம்.

இதற்குப் பின்னால் ஒரு இயந்திரம் இருந்தது, அதைத் தெரிந்துகொள்ளாமல் ‘மக்களின் அன்பு’ என்று மட்டும் எழுதினால் பாதிக் கதைதான். படம் வாங்கும் உரிமை ஒரே ஓர் அரசு நிறுவனத்துக்கு, சோவெக்ஸ்போர்ட்ஃபிலிம். அது வாங்கினால் படம் மாஸ்கோவிலிருந்து பருத்திக் காட்டுக் கூட்டுப் பண்ணையின் கிளப் வரை போகும். கிளப் இல்லாத ஊருக்கு வண்டியில் புரொஜெக்டர் போகும். டிக்கெட் சில பத்து கோபெக், ரூபிளில் நூறில் ஒரு பங்கு ஒரு கோபெக். ஹாலிவுட் படங்கள் எண்ணி எண்ணி வந்தன. போட்டி இல்லாத திரையில் மூன்று மணி நேர வண்ணம், பாட்டு, கண்ணீர். கண்ணீருக்கு எவ்வளவு தாகம் இருந்தது என்பதற்கு இன்னொரு கணக்கு: சோவியத் திரையரங்குகளில் அதிகம் பேர் பார்த்த படம் எந்த நாட்டுடையது? ரஷ்யாவும் இல்லை, இந்தியாவும் இல்லை. ‘யெசேனியா’ என்ற மெக்சிகோ காதல் படம், 9 கோடியே 14 லட்சம் பார்வையாளர்.

நீளம்தான் தலைவலி. சோவியத் அரங்கில் ஒரு காட்சி ஒன்றரை மணி நேரக் கணக்கு. இந்திப் படத்தை இரண்டு பாகம் என்று பிரித்துத் திரையிட்டார்கள், அல்லது வெட்டினார்கள். வெட்டு பெரும்பாலும் நகைச்சுவைக் கிளைக்கதையில் விழும், சில நேரம் பாட்டிலும் விழும். நகைச்சுவை நடிகரின் பெயர் யாருக்கும் நினைவில்லாமல் கதாநாயகனின் பெயர் மட்டும் நிலைத்ததற்கு இந்தக் கத்தரிக்கும் பங்குண்டு.

வசனம் ரஷ்யனில் டப் ஆனது. உஸ்பெக் மொழியில் டப் செய்வதற்கு உஸ்பெக்ஃபிலிம் ஸ்டுடியோ இருந்தது. ஆனால் பாட்டை விட்டுவிட்டார்கள். லதாவும் முகேஷும் அப்படியே இந்தியில் பாடினார்கள். சில பிரதிகளில் முதல் சில வரிகள் மீது ஓர் ஆண்குரல் பொருளை வாசித்துவிட்டு ஒதுங்கிவிடும். செலவு மிச்சம், வேலை மிச்சம் என்று செய்ததாகவே இருக்கலாம். விளைவோ வேறு. வசனம் அன்றோடு மறந்துபோகும்; பாட்டை அர்த்தம் தெரியாமல் ஒலியாகவே மனப்பாடம் செய்தார்கள். பெண்கள் பள்ளி நோட்டில் சிரிலிக் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள். ‘இருக்கிறேன்’ என்ற பொருள்கொண்ட இந்திச் சொல்லான ‘ஹூன்’ என்பதன் மூக்கொலி போய்விடும், ‘ட’வும் ‘த’வும் ஒன்றாகிவிடும். ஆனாலும் மெட்டு ஒரு மாத்திரை பிசகாது. டப் செய்த பாட்டு ரஷ்யப் பாட்டாகிவிடும், செய்யாத பாட்டு பாடுகிறவர் வீட்டுப் பாட்டாகிவிடும். இந்தப் பயணம் முழுக்கத் திரும்பத் திரும்பத் தட்டுப்படுவது இதுதான்.

நம் ஊரில் எதிர்மாறாக நடந்தது. 1953இல் ராஜ் கபூரின் ‘ஆஹ்’ தமிழில் ‘அவன்’ என்று டப் ஆனபோது பாட்டுகளையும் தமிழில் பாடவைத்தார்கள், ஏ. எம். ராஜாவும் ஜிக்கியும். அந்தப் பாட்டுகள் தமிழ்ப் பாட்டுகளாகவே இன்றும் நிற்கின்றன. இந்திப் படம் ஒன்றின் நினைவாக அவற்றைக் கேட்பவர் மிகக் குறைவு.

சாப்பாடு: தொலைக்காட்சிக் கோபுரத்துக்குப் பக்கத்தில் பெரிய பிலாவ் மையம். இங்கே பிலாவை ‘ஓஷ்’ என்பார்கள். மதியத்துக்குள் போய்விடுங்கள், இரண்டு மணிக்கு மேல் கொப்பரையின் அடிதான் மிஞ்சும். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ இறைச்சி, ஒரு கிலோ கேரட் என்பது வீட்டுக் கணக்கு. சைவம் என்றால் இறைச்சியை ஒதுக்கித் தருவார்களே தவிர, கொழுப்பை ஒதுக்க முடியாது. ரொட்டி, தயிர், தக்காளி, வெங்காயம் என்று சமாளிக்க வேண்டியதுதான்.

நாள் 3: தாஷ்கண்ட் – சமர்கண்ட்

அஃப்ராசியோப் அதிவேக ரயில். 344 கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரத்துக்குள். 2011 முதல் ஓடுகிறது. ஸ்பெயின் நாட்டுத் தால்கோ பெட்டிகள். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் டிக்கெட் பறந்துவிடும். விசா வந்த அன்றே பதிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் ‘ஷர்க்’ ரயில் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம் கூட. நிலையத்துக்குள் நுழையும்போதே பாஸ்போர்ட்டும் பெட்டி சோதனையும் உண்டு, முக்கால் மணி நேரம் முன்னால் போவது நல்லது. தாஷ்கண்டில் வடக்கு, தெற்கு என்று இரண்டு நிலையங்கள். அஃப்ராசியோப் வடக்கிலிருந்து. டாக்ஸிச் செயலியில் வெறும் ‘ரயில் நிலையம்’ என்று போட்டுத் தெற்குக்குப் போய் நிற்பது இங்கே வழக்கமான கூத்து.

ரயிலில் நேரம் இருப்பதால் மொழியைப் பார்ப்போம். ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்பதற்கு உஸ்பெக்கில் ‘மென் செனி செவமன்’. மென், நான். செனி, உன்னை, ‘ஐ’ உருபு போலவே ‘னி’ ஒட்டுகிறது. செவமன், காதலிக்கிறேன், நம் ‘ஏன்’ விகுதி இருக்குமிடத்தில் ‘மன்’. தமிழ், இந்தி, உஸ்பெக் மூன்றிலும் வினை கடைசியில் வருகிறது. டப்பிங்கில் இது சாதாரண வசதி இல்லை. இந்தி வசனத்தில் நாயகன் இழுத்து இழுத்து வந்து கடைசிச் சொல்லில் நிறுத்துவான். அந்தக் கடைசிச் சொல்லில்தான் அவன் சொல்ல வந்தது இருக்கும், குளோசப்பும் அங்கேதான். உஸ்பெக்கில் டப் செய்தால் வினை அதே இடத்தில் வந்து விழும். ரஷ்யனில் வினை பாதியிலேயே வந்துவிடும். முகம் இன்னும் தவித்துக்கொண்டிருக்க, சொல் தீர்ந்துபோயிருக்கும்.

இன்று தொலைக்காட்சியில் வருவது பெரும்பாலும் முழு டப்பிங் அல்ல. இந்தி ஒலி அடியில் கேட்க, மேலே ஒரு பெண்குரல், ஓர் ஆண்குரல். மல்டிபிளெக்ஸில் இந்திப் படம் பார்க்க விரும்பினால் டிக்கெட் வாங்கும் முன் மொழியைப் பாருங்கள். ‘உஸ்பெக் திலிதா’ என்றால் உஸ்பெக், ‘ருஸ் திலிதா’ என்றால் ரஷ்யன். உஸ்பெக்கைத் தேர்ந்தெடுங்கள், மேலே சொன்ன காரணத்துக்காக.

சமர்கண்டில் இறங்கினால் இன்னும் ஒரு படி நெருக்கம். இங்கும் புகாராவிலும் வீட்டு மொழி பலருக்குத் தாஜிக், பாரசீகத்தின் ஒரு வடிவம். இந்திக் காதல் பாட்டின் சொற்களில் பாதி பாரசீகமும் அரபியும். தில், தர்த், யார், ஜுதாயி, பேவஃபா, துஷ்மன், ஜிந்தகி: ஒன்றையும் மொழிபெயர்க்க வேண்டாம், உச்சரிப்புதான் கொஞ்சம் மாறும். உஸ்பெக் மட்டுமே பேசுகிறவருக்குக்கூட முஹப்பத், வஃபா, ஆஷிக், பஹார், துனியா எல்லாம் சொந்தச் சொல். பல்லவியில் நான்கு சொல் புரிந்தால் போதும், மீதியை நடிகையின் முகம் சொல்லிவிடும்.

சந்தையில் மட்டும் இந்த உறவை நம்பாதீர்கள். சியோப் சந்தையில் ‘சப்ஜி’ என்று கேட்டால் கேரட் தருவார்கள். உஸ்பெக்கில் சப்ஜி என்றால் அதுதான். தாஜிக் பேசுகிறவரிடம் ‘ஆலு’ கேட்டால் பிளம்ஸ் வரும். ‘பியாஸ்’ மட்டும் வெங்காயம்தான்.

சமர்கண்டின் ரெகிஸ்தான் சதுக்கம் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். மூன்று மதரஸாக்கள், தைமூரின் பேரன் உலுக் பேக் கட்டி 1420இல் முடிந்தது மூத்தது. அந்தி விளக்கொளியில் பாருங்கள், அது போதும்.

நாள் 4: சமர்கண்ட் – புகாரா

புகாராவுக்கும் அஃப்ராசியோப் போகிறது, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒட்டி. நிலையம் புகாராவில் இல்லை, பக்கத்து ஊரான ககோனில்; பழைய நகருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். டாக்ஸிக்காரர்கள் வாசலிலேயே வளைத்துக்கொள்வார்கள். செயலியில் கட்டணத்தைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

இந்திக் காதல் படம் புகாராவுக்கு வந்தது என்று சொல்வதைவிட, புகாராதான் இந்தியக் காதல் கதைக்குள் முதலில் போனது என்பது சரி. பஞ்சாபின் சோனி–மஹிவால் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். செனாப் கரையில் குயவர் மகள் சோனி. நாயகன் இஸ்ஸத் பேக், புகாராவிலிருந்து வந்த வணிகன். பானை வாங்க வருகிறான், பிறகு தினமும் வாங்குகிறான், கைப்பொருள் தீர்ந்ததும் அவள் வீட்டு எருமை மேய்ப்பவனாகிறான்; மஹிவால் என்ற பெயர் அப்படி வந்ததுதான். அவளை வேறொருவனுக்குக் கட்டி வைக்கிறார்கள். இரவில் பானையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஆற்றை நீந்திப் போய் அவனைப் பார்க்கிறாள். நாத்தனார் சுட்ட பானைக்குப் பதில் சுடாத பச்சைப் பானையை வைத்துவிட, நடு ஆற்றில் மண் கரைகிறது. குயவர் மகளுக்குத் தொட்டதும் தெரிந்திருக்காதா என்று கேட்காதீர்கள். தெரிந்தேதான் இறங்கினாள் என்று பாடும் மரபும் உண்டு.

1984இல் இந்தக் கதையை இந்தியாவும் சோவியத் நாடும் கூட்டுத் தயாரிப்பாக எடுத்தன. இயக்கியவர்கள் உமேஷ் மெஹ்ராவும், உஸ்பெக் இயக்குநர் லத்தீஃப் ஃபைஸியெவும். நடித்தது சன்னி தியோல், பூனம் தில்லான். இதே இரு இயக்குநர்களும் 1980இல் ‘அலிபாபா அவுர் 40 சோர்’ எடுத்தவர்கள். தர்மேந்திரா, ஹேமமாலினி, ஜீனத் அமன். சோவியத் அரங்குகளில் அதற்கு 5 கோடியே 28 லட்சம் பார்வையாளர். கூட்டுத் தயாரிப்புக்கெல்லாம் முன்னோடி 1957இல் வந்த ‘பர்தேசி’: பதினைந்தாம் நூற்றாண்டில் ரஷ்யாவின் த்வேர் நகரிலிருந்து இந்தியா வந்த அஃபனாசி நிகிதினின் கதை. அதில் நர்கீஸோடு பத்மினியும் இருந்தார். பிறகு ‘மேரா நாம் ஜோக்கர்’ படத்திலும் பத்மினி. அதில் மாஸ்கோவின் பல்ஷோய் நடனக்காரி க்சேனியா ரியபின்கினாவும் நடித்தார். ‘சங்கம்’ படத்தில் திருவல்லிக்கேணி வைஜெயந்திமாலா. வடக்கத்திப் படம் என்று நாம் ஒதுக்கும் படங்களில் உஸ்பெக் வீடுகள் கொண்டாடிய முகங்களில் மூன்று, பரதநாட்டியம் கற்ற தெற்கத்தி முகங்கள். ஆடத் தெரிந்த கண் டப்பிங் இல்லாமலே பேசும் என்பதுதான் இதில் சூட்சுமம்.

தோகி ஸர்கரோன் முதலான வணிகக் குவிமாடங்களுக்குள் நடக்கும்போது இஸ்ஸத் பேக்கை நினைத்துக்கொள்ளலாம். எதிர்த்திசையிலும் ஆள் போக்குவரத்து இருந்தது. முல்தானி வணிகர்கள் நூற்றாண்டுகளாக இங்கே வந்து துணி விற்று, வட்டிக்குக் கொடுத்து வாழ்ந்தார்கள். 1127இல் கட்டிய கல்யான் மினார் அதையெல்லாம் பார்த்திருக்கும்.

நாள் 5: புகாரா

இன்று நடை குறைவு. லியாபி ஹௌஸ் குளக்கரையில் பச்சைத் தேநீர், மல்பெரி நிழல்.

இரண்டு செய்திகள் மட்டும். ஒன்று, இசை. புகாராவின் செவ்வியல் இசை ஷஷ்மகோம், ஆறு மகோம்களின் தொகுப்பு. பாட்டு தாழ்ந்த சுரத்தில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறி ஓர் உச்சத்தைத் தொடும். அந்த உச்சத்துக்குப் பெயர் ‘அவ்ஜ்’. குரலை அசைத்துப் பாடும் ‘நோலா’ கிட்டத்தட்ட நம் கமகம். ‘தோய்ரா’ என்ற பெரிய கஞ்சிராவில் தாளம். இந்தப் பயிற்சி உள்ள காது ‘ஆவாரா’வுக்கு இசையமைத்த ஷங்கர்–ஜெய்கிஷனின் பைரவி மெட்டைக் கேட்டால் அந்நியமாகவே தோன்றாது. சரணம் மேலே ஏறும்போது அவ்ஜ் வந்துவிட்டது என்று தெரியும். மேலே அக்கார்டியன் வேறு, அது ரஷ்யக் காதுக்கும் பழக்கம். உஸ்பெக் கல்யாணங்களில் இன்றும் பாடகர்கள் இந்திப் பாட்டைப் பாடுவதும் இளம்பெண்கள் அதற்கு ஆடுவதும் சாதாரணம். ‘ஹவாஸ்’ என்ற உஸ்பெக் குடும்பக் குழு இந்திப் பாட்டுகளாலேயே இந்தியாவிலும் மேடை ஏறியது. கல்யாணத்துக்கு அழைப்பு கிடைத்தால் போங்கள். ஓஷ் விருந்து விடியற்காலையில். பாட்டும் ஆட்டமும் மாலையில். இரண்டையும் குழப்பிக்கொண்டு சாயங்காலம் பசியோடு காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, குடும்பம். பெண் பார்க்க வரும் பெரியவர்களுக்கு இங்கே ‘சோவ்ச்சி’ என்று பெயர். கல்யாணத்துக்கு மறுநாள் மருமகள் புகுந்த வீட்டார் ஒவ்வொருவருக்கும் குனிந்து வணக்கம் சொல்லும் ‘கெலின் சலாம்’ சடங்கு உண்டு. சோவியத் படத்தின் நாயகி டிராக்டர் ஓட்டினாள், திட்ட இலக்கை எட்டினாள், ஆனால் மாமியாரிடம் எப்படிப் பேசுவது என்று அவள் சொல்லித் தரவில்லை. இந்திப் படத்தில் காதலும் உண்டு, அப்பாவின் சம்மதமும் வேண்டும், இரண்டுக்கும் நடுவில் மூன்று மணி நேரம். 1995இல் வந்த ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’வின் நாயகன் ஓடிப்போக வாய்ப்பிருந்தும் ஓட மறுக்கிறான். ஐரோப்பிய விமர்சகருக்கு அது பழமைவாதம். மஹல்லாவில், அதாவது எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த குடியிருப்பில், வாழும் அம்மாவுக்கு அவன் மாப்பிள்ளை ஆகத் தகுந்தவன்.

இந்தக் காரணங்கள் எல்லா நாட்டுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் 2004இல் ஒரு தனியார் தொலைக்காட்சி ‘கபி குஷி கபி கம்’ ஒளிபரப்பியதிலிருந்து ஷாருக்குக்குப் பெரிய பெண் ரசிகர் கூட்டம் சேர்ந்தது. அங்கே பொதுச் சொல்லும் இல்லை, கெலின் சலாமும் இல்லை. நைஜீரியாவின் கானோவில் ஹௌசா பாடகர்கள் இந்தி மெட்டை எடுத்து நபிகள் புகழைப் பாடினார்கள். ஜப்பானில் 1998இல் ரஜினியின் ‘முத்து’. காரணங்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. ஜெர்மனியிலும் வசனம்தான் ஜெர்மன், பாட்டு இந்தியிலேயே விடப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

நாள் 6: மீண்டும் தாஷ்கண்ட், யங்கியோபோத் சந்தை

பழைய சாமான் சந்தை. வாரக் கடைசியில் போங்கள், ஞாயிறு காலை உத்தமம். சில்லறை சொம் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், அட்டை செல்லாது. பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

தேட வேண்டியவை மூன்று. நடிகர் படம் போட்ட தபால் அட்டைகள், ‘சோவெத்ஸ்கி எக்ரான்’ சினிமாப் பத்திரிகையின் பழைய இதழ்கள், இசைத்தட்டுகள். தட்டுகளில் ‘மெலோதியா’ என்று ரஷ்ய எழுத்தில் இருக்கும். அரசு நிறுவனம், 1964இல் தொடங்கியது. நடு வட்டத்தின் மேல்விளிம்பில் எந்தத் தொழிற்சாலையில் அச்சானது என்று போட்டிருப்பார்கள். தாஷ்கண்டிலேயே ஒரு தொழிற்சாலை இருந்தது. இங்கே அடித்த தட்டு கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்கும் முன் உறையிலிருந்து எடுத்துப் பாருங்கள். உறை ‘டிஸ்கோ டான்ஸர்’, உள்ளே ராணுவ அணிவகுப்பு இசை என்பது சகஜம். தட்டைக் கண் மட்டத்தில் கிடையாகப் பிடித்தால் வளைவு தெரியும். இந்த ஊர்க் கோடையில் 40 டிகிரி வெயிலில் கிடந்த தட்டு பெரும்பாலும் அலை அலையாக வளைந்திருக்கும், அதைச் சரிசெய்ய முடியாது. சாய்வான வெளிச்சத்தில் கீறலைப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படாத கீறல் சத்தம் போடும், ஆனால் ஊசி குதிக்காது. தட்டுப்பட்டால் வேண்டாம். 78 சுழற்சித் தட்டுகள் அரக்கால் ஆனவை, விழுந்தால் நொறுங்கும். பெட்டியில் துணிகளுக்கு நடுவே நிறுத்தி வையுங்கள், படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றக் கூடாது. ‘க்ருகோசோர்’ பத்திரிகையோடு வந்த மெல்லிய நீல நெகிழித் தட்டுகளும் கிடைக்கும். அவை மடிந்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கடைக்காரரிடம் ‘ஹிந்த்சா கோஷிக்’, இந்திப் பாட்டு, என்று கேட்டால் போதும். கேட்ட பிறகு அவர் பாட ஆரம்பித்தால் விலை குறையாது, ஆனால் நேரம் நன்றாகப் போகும்.

கடைசியாக, விமான நிலையம். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பொருளை நாட்டை விட்டு எடுத்துப் போகக் கலாசாரத் துறையின் சான்றிதழ் வேண்டும். சந்தையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். சுங்கத்தில் பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரியும். சான்றிதழுக்கு நேரம் ஆகும், கிளம்புகிற அன்று வாங்க முடியாது. ஆகவே சுவரொட்டியோ தட்டோ, கீழே அச்சிட்ட ஆண்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். எண்பதுகளின் மிதுன் தாராளமாக உங்களோடு வருவார். 1954ஆம் ஆண்டின் ராஜ் கபூரைத் தாஷ்கண்ட் விடாது.